ஹவுஸ்கீப்பிங் அக்கா எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? அலுவலகம் நடத்துவோருக்கு ஒரு கையேடு

"எங்க ஆபீஸ்ல யாரையும் மரியாதை இல்லாம பேசுறதில்லை" என்று பல நிர்வாகிகள் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதே அலுவலகத்தில் கழிவறை சுத்தம் செய்யும் பெண் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். வாட்ச்மேனுக்கு நாற்காலி இருக்காது. ஏஜென்சி ஆட்களுக்குச் சம்பளம் 18-ஆம் தேதிக்கு மேல்தான் வரும். இனிமையாகப் பேசுவதால் இவற்றில் ஒன்றும் மாறாது. மரியாதையில் பெரும்பகுதி ஏற்பாடுதான்: உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், போக ஒரு கழிவறை, சொன்ன தேதியில் சம்பளம். தமிழ்நாட்டில் சிறு, நடுத்தர நிறுவனங்களில் அட்மின், எச்.ஆர். பொறுப்பில் இருப்பவர்களும் முதலாளிகளும் இதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சுற்று

காலை ஏழரைக்கு அலுவலகத்துக்குப் போங்கள். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் அநேகமாக அந்த நேரத்துக்கு வந்திருப்பார்கள். எங்கே உடை மாற்றுகிறார்கள், பையை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். ஜெனரேட்டர் அறையிலும், மாப் காயவைக்கும் இடத்திலும் பை தொங்கினால் பூட்டுள்ள ஒரு லாக்கர் வாங்க வேண்டும் என்று பொருள். பிறகு மதியம் ஒன்றரைக்கு ஒருமுறை சுற்றுங்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மேஜையைத் துடைப்பவர்கள் எப்போது, எங்கே சாப்பிடுகிறார்கள்? கடைசியாக இரவு ஷிஃப்ட் செக்யூரிட்டியிடம், "நீங்க பாத்ரூம் போகணும்னா கேட்டை யார் பாத்துக்குவாங்க?" என்று கேளுங்கள். "அவசரத்துக்கு ஓடிப் போயிட்டு வந்துடுவேன் சார்" என்று பதில் வந்தால், அங்கே மாற்று ஆள் ஏற்பாடு இல்லை.

இந்த மூன்று நேரமும் நீங்களே போக வேண்டும். சூப்பர்வைசரிடம் கேட்டால் "எல்லாம் ஓகே சார்" என்றுதான் வரும். அவருடைய வேலையே அப்படிச் சொல்வதில்தான் நிற்கிறது.

கொட்டேஷனைப் படிக்கும் முறை

துப்புரவு, காவல், பேன்ட்ரி வேலைகள் பெரும்பாலும் ஏஜென்சி வழியாகவே நடக்கின்றன. அங்கே அவமரியாதை தொடங்குவது மிகக் குறைந்த கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் நாளில். கணக்கைப் பாருங்கள்.

ஒருவருக்கு மாதம் 14,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் பி.எஃப். பிடித்தால் ஏஜென்சி தன் பங்காகக் கட்ட வேண்டியது நிர்வாகக் கட்டணம் உட்பட 13 சதவீதம், அதாவது 1,820 ரூபாய். ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். ஆக 16,275. போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதை மாதம்தோறும் ஒதுக்கினால் 1,166 ரூபாய் சேர்ந்து 17,441 ஆகிறது. இதற்கு மேல் வார விடுமுறைக்கு வரும் ரிலீவர் ஆளின் கூலி, சீருடை, ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ், 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இவ்வளவும் இருக்க, "ஒரு ஆளுக்கு 15,500, எல்லாம் சேர்த்து" என்று ஒருவர் கொட்டேஷன் தந்தால், விடுபட்ட தொகை ஏஜென்சியின் பையிலிருந்து வராது. பி.எஃப். கட்டாமல் விடுவார்கள், அல்லது பத்து பேர் வேலையை எட்டுப் பேரை வைத்து முடிப்பார்கள். அதனால் கொட்டேஷனை ஒரே தொகையாக வாங்காதீர்கள். மேலே சொன்ன ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனி வரி கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் அதற்கான அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். போன வருடத்து ஒப்பந்தத்தை அப்படியே புதுப்பித்தால் அந்த உயர்வு தொழிலாளிக்குப் போகாது.

கையெழுத்துக்குப் பிறகு சரிபார்ப்பது இன்னும் முக்கியம். 14,000 சம்பளத்தில் தொழிலாளியின் பங்காக பி.எஃப். 12 சதவீதம் 1,680 ரூபாய், ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 105 ரூபாய் பிடித்தால், கைக்கு 12,215 வர வேண்டும். மாதம் இரண்டு பேரிடம், ஆளை மாற்றி மாற்றி, வங்கிக் கணக்கில் எவ்வளவு விழுந்தது என்று கேளுங்கள். பி.எஃப். உண்மையிலேயே ஏறுகிறதா என்று மத்திய அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கை அவர்களே திறந்து பார்க்கலாம். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் தெரியாது என்று சொன்னால், அந்த எண்ணை எழுத்தில் தரச் சொல்லி ஏஜென்சியிடம் கேளுங்கள்.

சம்பளம் தாமதமாவதற்கு நம் தரப்பிலும் ஒரு காரணம் இருக்கலாம். ஏஜென்சியின் பில்லை நாம் 45 நாள் கழித்து பாஸ் செய்கிறோம். அவர்கள் பணம் வந்த பிறகே சம்பளம் போடுகிறார்கள். இதை ஒப்பந்தத்திலேயே முறிக்க வேண்டும். சம்பளம் மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் வங்கியில் ஏற வேண்டும். அந்தப் பட்டியலும் முந்தைய மாதத்து பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சலான்களும் இணைந்திருந்தால் பில் பத்து நாளில் பாஸ் ஆகும். இணைக்காத பில்லைத் தொட மாட்டோம். இப்படி எழுதினால் இரு பக்கமும் நகரும். ஏஜென்சி சம்பளம் தராமல் போனால் முதன்மை நிறுவனம், அதாவது வேலை வாங்கும் நாம்தான், தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த விதி. அதற்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அந்தப் பொறுப்பை நீக்கவில்லை. "அவங்க எங்க ஸ்டாஃப் இல்லை" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

ஃபைன் விஷயத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கண் அசந்த செக்யூரிட்டிக்கு 500, ஷூ போடாமல் வந்தவருக்கு 200 என்று ஏஜென்சிகள் பிடிப்பது சாதாரணம். அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எந்தத் தவறுக்கு என்று முன்பே அறிவித்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 14,000-க்கு 3 சதவீதம் 420 ரூபாய். ஒரே ஒரு 500 ரூபாய் ஃபைனே சட்டத்தை மீறுகிறது.

கழிவறை, குப்பை, ஆசிட்

சுத்தம் செய்பவருக்கு அருவருப்பையும் ஆபத்தையும் கூட்டுவது நம் சின்னச் சின்னப் பழக்கங்கள். பாதி காபியோடு கப்பைக் குப்பைக்கூடையில் போட்டால், பையைத் தூக்கும்போது அது அவர் புடவையில்தான் ஒழுகும். மீதியை சிங்கில் ஊற்றிவிட்டுக் கப்பைப் போடுங்கள். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே "கண்ணாடி" என்று எழுதி, கையில் கொடுத்துச் சொல்லுங்கள். நாப்கினைச் சுற்றாமல் போட்டால் யாரோ ஒருவர் அதைத் தொட்டு எடுக்க வேண்டியிருக்கும். பெண்கள் கழிவறையில் ஒவ்வொரு அறைக்குள்ளும் காலால் மிதித்துத் திறக்கும் மூடியுள்ள சிறு கூடை, உள்ளே பை, பக்கத்திலேயே சுற்றுவதற்கான காகிதம், இந்த மூன்றும் இருக்க வேண்டும். காகிதம் இல்லாமல் "சுற்றிப் போடவும்" என்று நோட்டீஸ் மட்டும் ஒட்டினால் யாரும் சுற்ற மாட்டார்கள்.

ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமுக்குள் கண் எரிச்சல், இருமல், மூச்சுத்திணறல் வரை போகும். பெரும்பாலான டாய்லெட் கிளீனர்களிலும் ஆசிட்தான் இருக்கிறது. இது தெரியாமல், கறை போகவில்லை என்று இரண்டையும் சேர்த்து ஊற்றுகிறவர்கள் நிறைய. இரண்டையும் வேறு வேறு நாளுக்கு ஒதுக்கி, ஒரே அலமாரியில் வைக்காமல், குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, அவரவர் அளவில், ஆளுக்கு இரண்டு ஜோடி தேவை. பொதுவாக ஒரே பெரிய சைஸில் வாங்கிவிடுகிறார்கள். வழுக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் தேய்க்கிறார்கள். பிறகு "கொடுத்தும் போடறதில்லை" என்று அவர்கள்மேலேயே குறை வரும்.

சுத்தம் நடக்கும்போது பத்து நிமிடம் போர்டு வைத்தால் அந்தப் பத்து நிமிடம் காத்திருங்கள், அல்லது வேறு தளத்துக்குப் போங்கள். ஈரத் தரையில் நடந்தே ஆக வேண்டும் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓரமாகப் போகலாம்.

கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் எந்த மனிதரையும் உள்ளே இறக்கக் கூடாது. "மாஸ்க் போட்டுத்தானே இறங்கறாங்க", "எக்ஸ்ட்ரா ஆயிரம் ரூபா குடுத்துடலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளே இருக்கும் வாயு நொடிகளில் ஆளை வீழ்த்தும். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டு சட்டப்படி, பாதுகாப்பின்றி ஆளை இறக்கியவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உள்ளாட்சியிடம் உரிமம் பெற்ற கழிவு உறிஞ்சும் லாரியின் எண்ணை இன்றே அட்மின் மேஜையில் எழுதி ஒட்டுங்கள். அடைப்பு வந்த பிறகு தேடினால், மலிவாக ஆள் கூட்டிவருகிறவர்தான் முதலில் கிடைப்பார்.

தனி டம்ளர் வேண்டாம்

சில பேன்ட்ரிகளில் ஊழியர்களுக்குப் பீங்கான் கப், துப்புரவுப் பணியாளருக்குப் பேப்பர் கப் அல்லது ஜன்னல் ஓரம் கவிழ்த்து வைத்த ஓர் எவர்சில்வர் டம்ளர் என்று இருக்கும். யாரும் சாதி பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த டம்ளர் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு ஒழித்த தீண்டாமையேதான் இது, ஏ.சி. அறைக்குள். அந்த டம்ளரை இன்றே எடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே வகைக் கப், ஒரே காபி மெஷின், ஒரே தண்ணீர் கேன், ஒரே லிஃப்ட். இதை அறிவிப்பாகப் போட்டு யாரையும் கூச்சப்படுத்த வேண்டாம்; பேன்ட்ரியில் எண்ணிக்கைக்கு ஏற்ற கப்புகளை வாங்கி வைத்து, முதல் நாள் நீங்களே அவருக்கு அதில் டீ எடுத்துக் கொடுத்தால் விஷயம் புரிந்துவிடும். "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று தோண்டிக் கேட்பதையும் நிறுத்துங்கள். எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்கப்படுகிறவருக்கு நன்றாகவே புரியும்.

ஆயுத பூஜையும் இதே கணக்கில் வரும். முந்தைய நாள் முழு அலுவலகத்தையும் கழுவித் துடைப்பவர்கள் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள். பூஜை நேரத்தில் அவர்கள் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். குரூப் போட்டோவில் இருக்க மாட்டார்கள். பொரியும் சுண்டலும் மிஞ்சிய பிறகு கைக்கு வரும். போட்டோவுக்கு முன்னால் ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள். தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் ஆர்டர் போடும்போது ஏஜென்சி ஆட்களையும் சேர்த்து எண்ணி, ஒரே அளவு பெட்டியாக வாங்குங்கள். ஒரு கிலோவும் கால் கிலோவும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பதைக் காட்டிலும் எல்லோருக்கும் அரைக் கிலோ நல்லது.

கூப்பிடுவதும் திருத்துவதும்

பெயரைக் கேட்டு, பெயரோடு அண்ணா, அக்கா, அம்மா என்று வயதுக்கேற்பச் சேர்த்துக் கூப்பிடுங்கள். நாற்பத்தைந்து வயது மனிதரை "பையன்" என்று யாரிடமும் குறிப்பிடாதீர்கள். இளையவராக இருந்தாலும் "நீங்க, வாங்க" என்றே பேசுங்கள். வடமாநிலத் தொழிலாளியிடம் உடைந்த இந்தியில் "ஏய், இதர் ஆவ்" என்று கத்துவதைவிட, பெயர் சொல்லி, கையால் காட்டி, நிதானமாகத் தமிழில் சொன்னாலே புரிந்துகொள்வார்.

தவறைச் சொல்லும்போது நான்கு விஷயம் போதும்: எந்த இடம், எப்போது பார்த்தது, என்ன குறை, எப்போதுக்குள் சரியாக வேண்டும். "இரண்டாவது மாடி ஜென்ட்ஸ் டாய்லெட், பதினொரு மணிக்குப் பாத்தேன், சோப்பு இல்லை, அரை மணி நேரத்துல வெச்சிடுங்க." இதில் "எத்தனை தடவை சொல்றது" என்ற வால் தேவையில்லை. சோப்பு ஏன் இல்லை என்றும் கேளுங்கள்; ஸ்டோரில் மூன்று நாளாகச் சரக்கே இல்லை என்ற பதில் அடிக்கடி வரும். குறையைப் போட்டோ எடுத்து ஐம்பது பேர் இருக்கும் வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுவது பரவலாக இருக்கிறது. வேலை வேகமாக நடக்கிற மாதிரி தோன்றும். நடப்பது என்னவென்றால், சூப்பர்வைசர் பதறி, தொழிலாளியை எல்லோர் முன்னாலும் திட்டி, "டன் சார்" என்று பதில் போடுகிறார். புகாருக்கு ஒரே ஒரு எண் வையுங்கள். அதை அட்மின் மட்டும் பார்க்கட்டும்.

நிற்கிறவர்களுக்கு நாற்காலி

ஜவுளிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட் நடத்துகிறவர்களுக்கு இது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லாப் பணியாளருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது. கேரளம் 2018-இலேயே இதைக் கொண்டுவந்தது. பல கடைகளில் ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டார்கள், ஆனால் யாரும் உட்காருவதில்லை. கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தாலும் ஃப்ளோர் மேனேஜர் முறைப்பார், அல்லது கேமராவில் பார்த்து மேலிருந்து போன் வரும். ஆகவே ஸ்டூலோடு உத்தரவும் வேண்டும்: கஸ்டமர் கவுன்ட்டருக்கு வரும்வரை உட்கார்ந்திருக்கலாம், உட்கார்ந்ததற்காக யாரையும் கேள்வி கேட்கக் கூடாது என்று ஃப்ளோர் மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள். கவுன்ட்டர் உயரத்துக்கு ஏற்ற, கால் வைக்கக் கம்பி உள்ள ஸ்டூலாக வாங்குங்கள். கழிவறைக்குப் போக டோக்கன், நேரக் குறிப்பு என்று எதுவும் வேண்டாம். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றில் அவதிப்படும் பெண்கள் உண்டு.

செக்யூரிட்டிக்கு நிழல், நாற்காலி, மின்விசிறி, மழைக்கோட்டு, சாப்பாட்டுக்கு அரை மணி மாற்று ஆள். தினமும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்பது வழக்கமாகிவிட்டதே ஒழிய விதி அல்ல. இதே சட்டத்தில் வழக்கமான நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணிதான். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. கேட் திறக்க ஹாரன் அடிக்காமல் கண்ணாடியை இறக்கிக் கையசைத்தால் போதும்.

வந்து போகிறவர்கள்

டெலிவரிக்கு வருபவரின் வருமானம் நிமிடங்களில் இருக்கிறது. முகவரியில் எந்த கேட், எந்தத் தளம் என்று எழுதுங்கள், ஓ.டி.பி.யைத் தயாராக வையுங்கள். போனை எடுக்காமல் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு, தாமதம் என்று ஒரு ஸ்டார் கொடுப்பது அநியாயம். லிஃப்ட், கழிவறை, குடிநீர் மூன்றும் அவருக்கும் உண்டு என்று கட்டட நிர்வாகத்திடம் பேசி முடிவு செய்யுங்கள். பைக்கைப் பத்து நிமிடம் நிறுத்த ஓர் இடமும் கேட்டு வாங்குங்கள்.

டிரைவர் விஷயத்தில் இரண்டு தகவல் முன்கூட்டியே போக வேண்டும்: எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அவருக்குச் சாப்பாடு எங்கே. கிளையன்ட்டோடு டின்னர் பதினொரு மணி வரை நீளும் என்று தெரிந்தால் எட்டு மணிக்கே சொல்லிவிட்டால், அவர் போய்ச் சாப்பிட்டு வருவார். வெளியூர் இரவுத் தங்கலுக்கு பேட்டா மட்டும் கொடுத்துவிட்டு வண்டியிலேயே தூங்க வைக்காதீர்கள். மறுநாள் அவர்தான் உங்களை ஓட்டிவரப் போகிறார்.

சக ஊழியர்கள்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. வேலையைக் கொடுக்கும்போது கெடுவையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறு மணிக்கு "கொஞ்சம் பாத்துடுங்க" என்று ஒரு ஃபைலை அனுப்பிவிட்டுப் போகாதீர்கள். இரவு ஒன்பதுக்கு மேல் தோன்றுவதை ஷெட்யூல் செய்து காலை ஒன்பதரைக்குப் போக விடுங்கள். ஜூனியர் செய்த வேலையை மேலிடத்துக்கு அனுப்பும்போது அவர் பெயரை மெயிலில் எழுதி, அவரையும் சி.சி.யில் வையுங்கள். மீட்டிங்கில் ஒருவர் பேசும்போது குறுக்கிட்டால், குறுக்கிட்டவர் முடித்ததும், "அவங்க சொல்ல வந்ததை முடிக்கட்டும்" என்று தலைமை தாங்குபவர்தான் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரே சொன்னால் அது சண்டையாகத் தெரியும்.

புகார் சொல்லும் வழி

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள் குழு, அதற்கென உள்ள 2013-ஆம் ஆண்டு சட்டப்படி கட்டாயம். அது ஏஜென்சி பெண்களுக்கும் பொருந்தும் என்பது பெரும்பாலும் அவர்களிடம் சொல்லப்படுவதே இல்லை. உறுப்பினர் பெயர், போன் எண், மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம் என்ற விவரம், இவற்றைத் தமிழில் அச்சடித்து பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வரவேற்பறையில் ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். படிப்பதை நாலு பேர் பார்ப்பார்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தர ஒரு பெண் ஊழியரை முன்பே பெயர் சொல்லி நியமியுங்கள். முதலாளி மீதே புகார் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

ஏஜென்சி மாறும்போது

மிக அதிகமாக ஏமாற்றப்படுவது இந்த நேரத்தில்தான். ஆட்கள் அதே ஆட்கள், சீருடையின் நிறம் மட்டும் மாறும். பழைய ஏஜென்சி கடைசி மாதச் சம்பளத்தையும் அந்த ஆண்டுப் போனஸையும் தராமல் போய்விடும், பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாததால் பணத்தை எடுப்பதிலும், புதுக் கணக்குக்கு மாற்றுவதிலும் சிக்கல் வந்து அலைவார்கள். ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே ஒவ்வொருவருக்கும் பாக்கி எவ்வளவு என்று ஒரு பட்டியல் கேளுங்கள்: சம்பளம், எடுக்காத விடுப்பு, போனஸ், சீருடைக்குப் பிடித்த டெபாசிட். அந்தப் பட்டியலை ஏஜென்சி இல்லாத நேரத்தில் தொழிலாளர்களுக்குப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டுத் திருத்துங்கள். எல்லாம் வங்கியில் ஏறி, பி.எஃப். விலகல் தேதி பதிவாகி, பணி அனுபவக் கடிதம் ஒவ்வொருவர் கைக்கும் வந்த பிறகு பழைய ஏஜென்சியின் கடைசி பில்லை பாஸ் செய்யுங்கள்.